இரண்டாவது வரிசைக்குச் சொன்ன கதை

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

உங்கள் மனைவி சாட்சிப் பட்டியலிலிருந்து தன் பெயரை விலக்கிக்கொண்டாள். விசாரணை ஆணையத்தின் செயலர் இன்று காலை இதை உறுதிப்படுத்தினார். அவளே நேரில் வந்து எழுதிக் கொடுத்திருக்கிறாள். காரணம் கேட்டதற்கு, "சொந்தக் காரணம்" என்றாளாம். செயலர் இதை ஒரு நிருபரிடம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். சாட்சி என் தங்கை என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

தொலைபேசியில் பேசக்கூடிய விஷயம் இல்லை. அமைச்சர் அலுவலகத்தில் ஒரு போனுக்கு எத்தனை காது என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். தெரிந்ததை வரிசையாக வைத்தால்தான் தெரியாதது எங்கே இருக்கிறது என்று எனக்குப் பிடிபடும்.

மின்சாரம் போன அந்தப் பிற்பகல், ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் ஓடவில்லை. ஆண்கள் வார்டில் மூச்சுக் கருவியில் இருந்த ஏழு பேர் இறந்தார்கள். அந்த வார்டின் தலைமை நர்ஸ் உங்கள் மனைவி. அதற்குச் சில வாரங்களுக்கு முன் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் அவள் எதிரிலேயே அமைச்சர் அலுவலகத்துக்குப் போன் செய்து, ஜெனரேட்டர் பழுது என்று சொல்லியிருக்கிறார். "கட்சி விழா முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று பதில் வந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்ததால் அவளும் கேட்டாள். இப்போது கண்காணிப்பாளருக்கு எதுவும் ஞாபகமில்லை. ஞாபகம் உள்ள ஒரே ஆள் அவள்.

போன மாதம் நர்ஸிங் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் அமைச்சர் பேசினார். பேச்சை எழுதியது நீங்கள். முன்வரிசையில் உட்கார்ந்து அதைச் செய்தியாக்கியது நான். அந்தப் பேச்சுக்கு மூன்றாம் நாள் அவள் ஆணையத்துக்குப் போய்ப் பெயரை விலக்கியிருக்கிறாள்.

ஒரே ஒரு கேள்விதான். அந்தப் பேச்சு யாருக்கு?

உங்கள் மச்சான்


மார்ச் 8

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கடிதமா செய்தியா என்று இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன். தலைப்பு மட்டும்தான் குறை.

அது பட்டமளிப்பு விழா. எதிரே முந்நூறு மாணவிகள். பேச்சு அவர்களுக்கு. வேறு யாருக்கு இருக்க முடியும்?

நான் எழுதும் முறை உங்களுக்குத் தெரியும், கேலி செய்தும் இருக்கிறீர்கள். எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டுக்கொள்வேன். மீனவர் கூட்டம் என்றால் அதில் என் சித்தப்பாவை மனதுக்குள் உட்காரவைப்பேன். வியாபாரிகள் கூட்டம் என்றால் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரரை. அவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிற மாதிரி வாய்விட்டுப் படிப்பேன். கூட்டத்துக்கு எழுதினால் அது கூரையில் முட்டித் திரும்பிவிடும். ஒருத்தருக்கு எழுதினால்தான் உள்ளே போகும். அன்று அந்த நாற்காலியில் வேலைக்குச் சேரப்போகும் ஒரு சின்னப் பெண்ணை உட்காரவைத்தேன். பயந்த பெண். தப்புச் செய்துவிடுவோமோ என்று மருந்துச் சீட்டை மூன்று முறை படிக்கிற பெண். அவளுக்கு ஒரு கதை தேவைப்பட்டது, எழுதினேன்.

"அமைச்சரின் உருக்கமான கதை, மாணவிகள் கண்ணீர்" என்று முதல் பக்கத்தில் போட்டது நீங்கள்தானே? அன்று உங்களுக்கு உருகியது இன்று ஏன் உறுத்துகிறது?

தலைநகரிலிருந்து எத்தனை முறை கூப்பிட்டாலும் உங்கள் தங்கை என் போனை எடுப்பதில்லை. இரவுப் பணி, பகல் தூக்கம் என்று நானாகச் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். சாட்சியிலிருந்து விலகியது நல்லதுதான் மச்சான். இதை நான் சொன்னால் சுயநலம் என்பீர்கள். ஆனால் அவளுக்கும் வேலை இருக்கிறது, எனக்கும் இருக்கிறது, இரண்டும் ஒரே அரசாங்கக் கூரைக்குக் கீழேதான். ஒரு முறை பேசச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை


மார்ச் 12

மாப்பிள்ளைக்கு,

பேசச் சொல்லவில்லை. ஏன் என்று எழுதுகிறேன்.

புதிதாக வரும் நிருபர்களுக்கு நான் ஒன்று சொல்லித் தருவதுண்டு. பேச்சில் தேவையில்லாத ஒரு விவரம் வந்தால் அது யாருக்கோ தேவைப்படுகிறது என்று அர்த்தம். அன்று முன்வரிசையில் இருந்துகொண்டு நானே அதை மறந்தேன். எங்கள் அலுவலகத்துக்கு முந்தின நாளே பேச்சின் பிரதி வந்துவிட்டது. அதில் அந்தக் கதை இல்லை. மேடையில் புதிதாக ஒன்று வந்ததும், கிடைத்தது தலைப்பு என்று குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது மாணவிகள் அழுதுகொண்டிருந்தார்கள். அழுதவர்களுக்குத்தான் பேச்சு என்று முடிவுகட்டினேன்.

கதையை நினைவிலிருந்து எழுதுகிறேன். ஒரு பயிற்சி நர்ஸ். இரட்டைப் பணி முடிந்த களைப்பில், நீலத் திரை போட்ட கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியிலேயே கண் அயர்ந்துவிடுகிறாள். பதறி எழுந்தால் குளுக்கோஸ் பாட்டில் காலி. கட்டிலில் இருந்த பெரியவர் குழாயைத் தானே மடித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார். "நீ தூங்கும்மா, பாட்டில நான்தான் பாத்துக்கிட்டிருக்கேனே" என்கிறார். அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண் இன்று பொறுப்பான பதவியில் இருக்கிறாள். பிறகு அமைச்சர் சொன்னார்: "மன்னிக்கப்பட்டவர்கள், மற்றவர்களை மன்னிக்கவும் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்."

பட்டம் வாங்க வந்த பெண்கள் யாரை மன்னிக்க வேண்டும்? இந்தக் கேள்வி எனக்கு வர இத்தனை நாளாகியிருக்கிறது.

நேற்று எங்கள் போட்டோகிராபரைக் கேட்டேன். 'பிளாஷ்' என்று கூப்பிடுவோமே, அவர்தான். "அந்தக் கதை சொன்னப்ப நல்ல படம் எதுவுமே சிக்கல சார். அமைச்சர் அந்த காலேஜ் பிள்ளைங்களையும் பாக்கல, கேமராவையும் பாக்கல. ரெண்டாவது வரிசையில யாரையோ பாத்துக்கிட்டே இருந்தாரு" என்றார். இரண்டாவது வரிசை நடுவில் ஒரு நாற்காலியில் அட்டை ஒட்டியிருந்தது: தலைமை நர்ஸ், ஆண்கள் வார்டு. மற்ற வார்டுகளுக்கு அட்டை இல்லை. அவளை அங்கே கூட்டிவந்து உட்காரவைத்தபோது நான் பிளாஷின் தோளைத் தட்டி, "பாருய்யா, என் தங்கச்சிக்கு என்ன மரியாதை" என்று சொன்னேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

இன்று அவள் வீட்டுக்குப் போனேன். சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள்.

"அவர் யாருக்குப் பேசினாருன்னு எழுதுன?"

"மாணவிகளுக்குன்னு."

"இத்தனை வருஷமா உனக்குச் சம்பளம் குடுக்கறாங்களே, பாவம்."

காலரை நீவிவிட்டு, "நீலத் திரை, அந்தப் பெரியவர் சொன்ன வார்த்தை, எல்லாம் அப்படியே வந்துச்சு. அத நான் வெளியில எங்கயும் சொன்னதில்ல அண்ணா. எப்பவோ ஒருநாள் நீ, நான், அவர் மூணு பேரும் சாப்பிட்டுக்கிட்டிருந்தப்ப சொன்னேன், உனக்கு மறந்தே போச்சு. நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சரி" என்றாள். சட்டையைத் திருப்பிப் போட்டு மறு பக்கத்துக்கு இஸ்திரி போட்டாள்.

உங்கள் மச்சான்


மார்ச் 17

மச்சானுக்கு,

போன கடிதத்தில் பொய் எழுதினேன். அந்த நாற்காலியில் சின்னப் பெண் யாரும் இல்லை. அவள்தான் இருந்தாள்.

நடந்ததைச் சொல்கிறேன். அமைச்சரின் தனிச் செயலரைப் பற்றி உங்களிடம் சொல்லியிருக்கிறேன். எதையும் மெதுவாகச் சொல்வார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குப் 'பஞ்சு' என்று பெயர். விழாவுக்கு முன்தினம் என் மேஜைக்கு வந்தார். பேச்சின் பிரதி ஏற்கெனவே பத்திரிகைகளுக்குப் போய்விட்டது.

"பேச்சு பிரமாதம். இன்னும் ஒரு மூணு நிமிஷம் வேணும் சார். அத மட்டும் வீட்டுக்கு எழுதுங்க" என்றார்.

"யார் வீட்டுக்கு?"

"உங்க வீட்டுக்குத்தான்" என்று சிரித்தார். "அமைச்சருக்கு அவங்க மேல கோபம் எதுவும் இல்லன்னு அவங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான். நீங்க சொன்னா சண்டையாயிடும். மேடையில சொன்னா மரியாதை. மனசத் தொடற மாதிரி எதாவது இருக்குமே. புருஷனுக்குத் தெரியாதா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலை பயம் மட்டும் காரணமில்லை, அதைத்தான் உங்களிடம் சொல்லக் கூசுகிறது. எனக்கு அது வசதியாக இருந்தது. சாட்சி சொல்ல வேண்டாம் என்று நான் எத்தனையோ முறை கெஞ்சிப் பார்த்தேன். வாயைத் திறந்ததும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். மேடைக்கு எதிரே உட்காரவைத்தால் எழுந்து போக முடியாது. முழுதாகக் கேட்டே ஆக வேண்டும். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

அந்த மூன்று நிமிடத்தையும் ஒரே மூச்சில் எழுதினேன். அவளுக்கு நான் எழுதிய காதல் கடிதம் மாதிரிதான் இருந்தது மச்சான். உன்னையும் ஒருவர் மன்னித்தார், நீயும் இதை விட்டுவிடு, நாம் நிம்மதியாக இருப்போம். வாய்விட்டுப் படித்தபோது என் குரல் தழுதழுத்தது. அந்தக் குரலில் அது கெஞ்சல்.

மறுநாள் அலுவலகத் தொலைக்காட்சியில் கேட்டேன். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. அமைச்சர் குரலில் அது, 'நீ தூங்கினது எங்களுக்குத் தெரியும்' என்று கேட்டது. யார் வாயிலிருந்து வரப்போகிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. யாருக்கு என்பதை மட்டுமே யோசித்து யோசித்துப் பழகியவன் செய்கிற தப்பு இது. பஞ்சு பின்னால் வந்து என் தோளில் கைவைத்து, "சரியாப் போய்ச் சேந்துடுச்சு சார்" என்றார். எல்லோர் எதிரிலும் நான் தலையாட்டினேன்.

இதை அவளிடம் சொல்ல எனக்கு வாயில்லை. உங்களால் சொல்ல முடியுமா?

மாப்பிள்ளை


மார்ச் 20

மாப்பிள்ளைக்கு,

முடியாது. உங்கள் வீட்டுக்குள் பேச வேண்டியதற்கு ஏற்கெனவே ஒரு ஆளைப் பிடித்து அனுப்பினீர்கள். இரண்டாவது ஆளாக நான் வர மாட்டேன்.

கோபத்தில் இதைவிட நீளமாக எழுதினேன். கிழித்துவிட்டேன். உங்களைத் திட்ட எனக்கு உள்ள தகுதி குறைவு என்று நேற்றுத் தெரிந்தது.

நேற்று ஒரு அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வார்டில் இறந்த ஏழு பேரில் ஒருவரான லாரி மெக்கானிக் அவருடைய கணவர். என் செய்தியை வெட்டி, மடித்து, கைப்பைக்குள் வைத்திருந்தார். மடிப்பில் எழுத்து அழிந்துபோகும் அளவுக்குப் பிரித்துப் பிரித்துப் படித்திருக்கிறார்.

"இத எழுதினது நீங்களா சார்?"

"ஆமாம்மா."

"மன்னிக்கத் தெரிஞ்சவங்களா இருக்கணும்னு சொல்லியிருக்காரே. அது எங்களுக்குத்தானே சொன்னாரு? நாங்க ஆஸ்பத்திரி மேல போட்ட கேஸ விட்டுடணும்னு சொல்றாரா?"

"இல்லம்மா, அது..." என்று ஆரம்பித்தேன். முடிக்கத் தெரியவில்லை. உங்களுக்கு இல்லை, மாணவிகளுக்கு என்றால் பொய். என் தங்கைக்கு என்றால் அவள் மறைத்தது வெளியே வந்துவிடும். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே, "எனக்குப் படிக்கத் தெரிஞ்ச அளவுக்குப் புரிஞ்சுக்கத் தெரியல போல சார்" என்று சொல்லி எழுந்தார். தப்பு என்னுடையது, மன்னிப்புக் கேட்பது போல் பேசியது அவர். மாடிப்படி வரைக்கும் கூடப் போனேன்.

நீங்கள் ஒருத்தருக்கு எழுதினீர்கள். அதை ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்.

ஆசிரியரிடம் போய்த் திருத்தம் போட வேண்டும் என்றேன். "அமைச்சர் சொன்னதத்தானேய்யா எழுதியிருக்கோம்? ஒரு வார்த்தை தப்பில்லையே. எதத் திருத்தறது?" என்றார். "யாருக்குச் சொன்னாருங்கறத" என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அதுக்கு ஆதாரம்?"

ஆதாரம் நீங்கள்தான். பஞ்சு உங்கள் மேஜைக்கு வந்து கேட்டதை, உங்கள் பெயரோடு நான் எழுதலாமா? அதைவிட, ஆணையத்தின் முன் நீங்களே சொல்வீர்களா? சாட்சியைக் கலைக்கப் பார்த்தார்கள் என்பது ஜெனரேட்டரைவிடச் சின்ன விஷயம் இல்லை. அவள் மறைத்தது வெளியே வராமல் இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. ஆனால் முதலில் உங்கள் பதில் வேண்டும்.

உங்கள் மச்சான்


மார்ச் 25

மச்சானுக்கு,

மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன். ஊருக்கெல்லாம் பேச்சு எழுதுகிறவனுக்குத் தனக்கென்று நாலு வரி வரவில்லை.

என் பெயர் வேண்டாம். 'அமைச்சர் அலுவலக வட்டாரம்' என்று போட்டுக்கொள்ளுங்கள். ஆணையத்துக்கு வருவது பற்றி யோசிக்கிறேன். வந்தால் மறுநாளே என் மேஜை காலியாகும், அது போகட்டும். கூண்டில் ஏறி, "என் மனைவி சொன்ன ரகசியத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன்" என்று அவள் முகத்துக்கு எதிரே சொல்ல வேண்டும். அதை நினைத்தால் கால் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அங்கே வருவதற்காகப் பஸ் நிலையம் வரை போனேன். டிக்கெட்கூட வாங்கினேன். பஸ் கிளம்புகிற வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு அறைக்குத் திரும்பிவிட்டேன்.

அவளுக்கு என்மேல் சந்தேகம் இருக்கிறதா? அதை மட்டுமாவது சொல்லுங்கள்.

மாப்பிள்ளை


மார்ச் 30

மாப்பிள்ளைக்கு,

உங்கள் மனைவி நேற்று ஆணையத்தில் புதிய வாக்குமூலம் தாக்கல் செய்தாள். மீண்டும் சாட்சியாகச் சேர்க்கக் கோரி மனுவும் கொடுத்திருக்கிறாள். ஆணையச் செயலர் இன்று பகல் இதை உறுதிப்படுத்தினார். இந்த முறை, சாட்சி என் தங்கை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். இந்தச் செய்தியை இனி நான் எழுதக் கூடாது என்று ஆசிரியரிடமும் சொல்லிவிட்டேன். வேறு நிருபர் எழுதுவார். அவரிடம் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: பிரதியில் இல்லாத கதை மேடையில் வந்தது, பேசியவர் பார்த்தது இரண்டாவது வரிசையை.

வாக்குமூலத்தின் முதல் பத்தி ஜெனரேட்டரைப் பற்றியது அல்ல. பயிற்சிக் காலத்தில் பணியில் இருக்கும்போது தூங்கியது, பாட்டில் காலியானது, நோயாளி தானே குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தது, மேலதிகாரியிடம் சொல்லாமல் விட்டது, எல்லாவற்றையும் அவளே எழுதியிருக்கிறாள். "இதை என்னிடமிருந்தே தெரிந்துகொள்ளுங்கள்" என்று முடித்திருக்கிறாள். தொலைபேசியில் கேட்டது இரண்டாவது பத்தியில்தான் வருகிறது, மேடையில் வந்த கதை மூன்றாவதில். அதற்கு முன்பே நர்ஸிங் இயக்குநரகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டாள். நடவடிக்கை எடுத்தால் எடுக்கட்டும் என்கிறாள்.

அவள் மறைத்தது வெளியே வராமல் காப்பாற்ற நாம் இருவரும் இங்கே வழி தேடிக்கொண்டிருந்தோம். அவளைக் கேட்கத் தோன்றவில்லை.

நேற்று மாலை அவளிடம் சொன்னேன், நாம் கடிதம் எழுதிக்கொள்கிறோம் என்று. மறைத்து வைக்க எனக்குத் தெம்பில்லை.

"என்னப் பத்தியா? ரெண்டு பேரும் உக்காந்து எனக்கு லெட்டர் போடாம, ஒருத்தருக்கொருத்தர் போட்டுக்கறீங்களா?" என்று சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"உனக்கு பயம் போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"பயந்துதான் பேர எடுத்தேன்னு நினைச்சியா? பயமா இருந்தா அன்னைக்கே எடுத்திருப்பேன். வெக்கம்ணா. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடி சொன்னது மைக்குல வருது. முந்நூறு பிள்ளைங்க அழுவுது. நான் கைதட்டணுமா, எழுந்து ஓடணுமான்னு தெரியாம உக்காந்திருந்தேன். மூணு நாள் யார் மூஞ்சியையும் பாக்க முடியல."

நீங்கள் கேட்டதற்குப் பதில். உங்கள்மேல் அவளுக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகப்பட இடமே இருக்கவில்லை. "முதல் வரி வந்ததுமே தெரிஞ்சுடுச்சு. அவர் எழுதறது எனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு வந்த லெட்டரெல்லாம் அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

'வட்டாரம்' என்று போட மாட்டேன். ஆணையத்தில் வட்டாரத்துக்குக் கூண்டு கிடையாது.

மெக்கானிக்கின் மனைவி வீட்டுக்கு நாளை நானும் தங்கையும் போகிறோம். அவர் கேட்ட கேள்விக்கு அங்கே பதில் சொல்வேன். கூட வருகிறேன் என்று அவள்தான் சொன்னாள்.

முடிவாகாதவை இரண்டு. அவள் மனுவை ஏற்பதா என்று ஆணையம் வியாழன் காலை பதினொரு மணிக்கு அறிவிக்கும். அந்த மூன்று நிமிடத்தைக் கேட்டு வாங்கியவர் யார் என்பதை அவளால் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. சொல்லக்கூடியவர் நேரில் வந்து பெயர் கொடுக்க வெள்ளி மாலை ஐந்து மணி வரை நேரம் தந்திருக்கிறார்கள்.

உங்களை எதிர்பார்க்கிறாளா என்று அவளைக் கேட்டேன். வியாழக்கிழமைக்கு மட்டும் விடுப்புக் கேட்டிருந்தவள், இன்று காலை அதை வெள்ளிக்கும் சேர்த்து நீட்டியிருக்கிறாள். வார்டு அலுவலகத்தில் உறுதிசெய்துகொண்டேன்.

உங்கள் மச்சான்